ஒன்றாம் சேனல்

“அம்மா, நீ கூப்பிட்டா மட்டும்தான் அந்த லைட்டு எரியுமா? வேற யாராச்சும் கூப்பிட்டா எரியாதா?”

ஜானிஸ் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், கடைவீட்டு மாடி ஸ்டூடியோவில் அம்மா சூசன் கேமராவை அழுத்தும்போதெல்லாம் அறையின் மறுகோடியில் நின்ற பிளாஷ் பளிச்சென்று அடிப்பதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவள், இரண்டுக்கும் நடுவே கம்பியும் இல்லை கயிறும் இல்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். சூசனுக்கு அன்று தலைக்கு மேல் வேலை. “என் லைட்டு என் பேச்சத்தான் கேக்கும். போ, போய் கலர் அடி,” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அது சரியான பதில் இல்லை என்பது சூசனுக்கு அன்றே தெரியும். எவ்வளவு தவறான பதில் என்பது தெரியப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று.

கேமராவின் தலையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி உட்கார்ந்திருக்கும். டிரிகர் என்பார்கள். தள்ளி ஸ்டாண்டில் நிற்கும் பிளாஷுக்கு, ‘இப்போது அடி’ என்று காற்றில் சேதி அனுப்புவது அதன் வேலை. சூசனின் டிரிகர் பழசு. பேட்டரி மூடியில் ரப்பர் வளையம் சுற்றித்தான் அதை ஓட்டிக்கொண்டிருந்தாள். போன மாதம் போர்ட் கிள்ளானில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த அந்த நொடியில் அது உயிரை விட்டது. அழுத்தினாள், எரியவில்லை. தட்டினாள், எரியவில்லை. ஓடிப்போய்ப் பிளாஷின் கன்னத்தில் அறைந்தாள், அப்போதும் எரியவில்லை. மூன்று முடிச்சும் விழுந்து முடிந்தது. அவளுக்குக் கிடைத்தது கருமாந்திரமான நான்கு இருட்டுப் படங்கள்.

பெண் வீட்டுக்கு ஒரு படக்காரர், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு படக்காரர் என்று தனித்தனியாக வைத்துக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். சம்பந்திகள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், படக்காரர்கள் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். அன்று மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தவன் கிள்ளானை அடுத்த மேருவைச் சேர்ந்த யுகேந்திரன். முப்பது வயதுகூட இருக்காது. கறுப்புச் சட்டை, மார்பைத் தொடும் தாடி, எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் வாடகை கொடுத்தவன் மாதிரி ஒரு நடை.

“ஆன்டி, டார்ச் லைட்டு வேணுமா?” என்று மணவறையின் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான். “இல்லன்னா ஒரு ஜெபம் பண்ணிட்டு அடிங்க, எரியும்!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஊரே அக்கா என்று கூப்பிடும் அவளை அவன் ஒருவன்தான் ஆன்டி என்பான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவள் பிளாஷை அறைவதைக் கைப்பேசியில் பிடித்து, படக்காரர்கள் நூற்றைம்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அன்று சாயங்காலமே போட்டுவிட்டான். ‘ஆன்டி விளக்கு ஏத்துறாங்க’ என்று அதற்கு ஒரு தலைப்பு வேறு. முப்பது வருஷம் முந்திப் படம் பிடிக்க ஆரம்பித்த கிழவர்கள்கூட அதற்குச் சிரித்திருந்தார்கள்.

சூசன் யாருக்கும் பதில் போடவில்லை. ஆனால் அந்த வீடியோவை அவள் பதினோரு தடவை பார்த்தாள். பகை வெளியிலிருந்து வருவது கொஞ்சம்தான். மீதியை நாமே உட்கார்ந்து ஊதி வளர்க்கிறோம்.

மறுவாரம் மாதவி போன் செய்தாள். கல்யாண ஏற்பாடுகளை எடுத்து நடத்துகிறவள். சூசனுக்கு வருகிற கல்யாணங்களில் மூன்றில் இரண்டு அவள் கொடுப்பதுதான். ஜானிஸின் கல்லூரியும் பிரிக்பீல்ட்ஸ் மாடியும் அந்தக் கல்யாணங்களின் மேல்தான் நின்றன.

“சூசனக்கா, வர ஞாயித்துக்கெழம கிள்ளான்ல, மேரு ரோட்டு மண்டபம். பொண்ணு வீட்டுக்கு நீங்க.”

“மாப்பிள்ள வீட்டுக்கு?”

“அவன்தான். அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்த வீடியோவ என் கஸ்டமருங்க நாலு பேரு எனக்கே அனுப்பிட்டாங்க. இந்தத் தடவ தாலி வந்தே ஆவணும். வரலன்னா அடுத்த வருஷம் உங்கள வச்சிக்க முடியாது. நான் ஓப்பனாவே சொல்லிட்டேன்.”

“வரும்,” என்றாள் சூசன்.

புதன்கிழமை மத்தியானம் வழக்கமாகப் போகும் கேமராக் கடைக்குப் போனாள். பழைய பேரங்காடியின் இரண்டாம் மாடி. கல்லாவில் நின்ற ஜீவன் அவளைப் பார்த்ததும், “வாங்கக்கா, வீடியோ பாத்தேன்,” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“நீயுமா?”

“குரூப்ல வந்துச்சு லா, நான் என்ன பண்ணட்டும்? சத்தியமா சிரிக்கல.” கொஞ்சம் யோசித்தான். “லேசாதான்.”

“டிரிகர் காட்டு.”

கண்ணாடி மேசையின் மேல் அவன் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தான்.

“இது மலிவு. ஆனா கூட்டம் சேந்தாலே இதுக்குக் காது கேக்காது. உங்களுக்கு வேணாம். இது நடுவுல உள்ளது, பாதி ஊரு இதத்தான் வச்சிருக்கு. முப்பத்திரெண்டு சேனல். டிரிகர்ல என்ன நம்பரோ அதே நம்பர லைட்டுலயும் வச்சிட்டீங்கன்னா அடி தப்பாது. ஒரே ஒரு வம்புதான். பக்கத்துல இன்னொருத்தன் இதே சாமான் வச்சிருந்து, நம்பரும் ஒன்னாயிருச்சுன்னா, நீங்க அழுத்துனா அவன் லைட்டு எரியும், அவன் அழுத்துனா உங்க லைட்டு எரியும்.”

“மூணாவது?”

“அது ஒஸ்தி. வேற கம்பெனி. நீங்களா ஒரு ரகசிய நம்பர் போட்டுப் பூட்டிக்கலாம். எவனும் உங்க லைட்ட தொட முடியாது. நீங்களும் எவன் லைட்டையும் தொட முடியாது. உங்களுக்கு இதுதான்க்கா. கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க.”

அவள் அதற்காகத்தான் வந்திருந்தாள். கை அதன் மேல் படிந்தும் விட்டது. அப்படியே எடுத்துக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

“யுகேந்திரன் எத வச்சிருக்கான்?” என்று கேட்டாள்.

“அவரா? நடுவுல உள்ளதுதான்.” ஜீவன் சிரித்தான். “நம்பர மாத்துங்க பாஸ், என்னிக்காச்சும் மாட்டுவீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்! ‘நான் நிக்கிற எடத்துல வந்து நின்னு அடிக்க எவனுக்குத் தைரியம்’னு கேப்பாரு. பெட்டியில வரப்ப ஒன்னுல இருந்துச்சு, இன்னிக்கும் ஒன்னுலயே ஓடுது.”

சூசன் சிரிக்கவில்லை. மூன்றாவதின் மேலிருந்த கை மெல்ல நகர்ந்து இரண்டாவதை எடுத்தது.

“அக்கா, அது இல்ல, இந்தப் பக்கம் உள்ளது.”

“இதையே குடு. ரெண்டு லைட்டுக்கும் சேத்துக் குடு.”

“வெல ஒன்னும் பெரிய வித்தியாசம் இல்லியேக்கா. கழிச்சுக்கூடத் தரேன்.”

“வெலைக்காக இல்ல.”

ஜீவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையில் போட்டுக் கொடுத்துவிட்டான். நல்லதைத் தள்ளி வைத்துவிட்டு மற்றதை எடுக்கும் நேரத்தில் நமக்கு யாரும் மணி அடித்து எச்சரிப்பதில்லை. அடித்தாலும் கடையில் பாட்டு உரக்க ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்று நாள் சூசன் ஸ்டூடியோவில் பழகினாள். அவளுடைய இரண்டு லைட்டுகளும் ஒன்பதாம் சேனலில். டிரிகரின் சக்கரத்தைத் திருப்பினால் ஒன்பதிலிருந்து ஒன்றுக்கு வர மூன்று விநாடி. திரும்பப் போக மூன்று விநாடி. பக்கவாட்டில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் படம் எடுக்காமலே லைட்டு எரியும். விடாமல் முப்பது தடவை அழுத்தினால் எந்தப் பிளாஷும் சூடேறித் தானாகப் பூட்டிக்கொள்ளும். பத்து நிமிஷத்துக்கு எரியாது. ஒரு தாலி கட்டப் பத்து நிமிஷம் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண வேலை இருப்பதால் சூசன் சர்ச்சில் சனிக்கிழமை சாயங்காலத் திருப்பலிக்குப் போவாள். அந்தச் சனிக்கிழமையும் போனாள். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தது. முன்வரிசைக்குத் திரும்பி, பின்வரிசைக்குத் திரும்பி, எல்லோருக்கும் கைகூப்பிச் சமாதானம் சொன்னாள். தோளில் தொங்கிய பைக்குள் டிரிகர் இருந்தது. அது அவளுக்கு உறுத்தவில்லை என்று சொல்ல முடியாது. உறுத்தியது. உறுத்தியதைப் பைக்குள்ளேயே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேரு ரோட்டு மண்டபத்தில் அவள் ஸ்டாண்டுகளை நிறுத்திக்கொண்டிருந்தபோதே பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஆன்டி! இன்னிக்கு மெழுகுவத்தி கொண்டாந்தீங்களா?”

“உன் வேலையப் பாருப்பா.”

“பாத்துட்டேன். நீங்களும் பாத்துக்குங்க, அதான் சொல்றேன். மணல் மூட்ட எங்க? ஸ்டாண்டு காலு நடனம் ஆடுது பாருங்க.”

யுகேந்திரன் தன் இரண்டு ஸ்டாண்டுகளின் காலிலும் மணல் மூட்டை கட்டியிருந்தான். மணவறையின் இடப்பக்கம், ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி, சாய்வாக, அழகாக நிறுத்தியிருந்தான். வேலை தெரிந்தவன் என்பதை எரிச்சலோடுதான் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சூசனின் மணல் மூட்டை கார் டிக்கியில் கிடந்தது. எடுக்கப் போயிருப்பாள். அவன் சொல்லிவிட்டானே என்பதற்காகப் போகவில்லை.

ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. வாசலில் உறுமி மேளம் அதிர, மாப்பிள்ளையும் அவர் அப்பா இராமலிங்கமும் மாலையோடு வந்து நின்றார்கள். யுகேந்திரன் ஒரு லைட்டைத் தூக்கி வந்து வாசலில் வைத்து, பின்பக்கமாக நடந்துகொண்டே எடுத்தான். சூசன் ஒரு தூணோரமாக ஒதுங்கினாள். சக்கரம் திரும்பியது. ஒன்பது, எட்டு, ஏழு... ஒன்று.

பொத்தானை அழுத்தினாள். யாரும் படம் எடுக்காத நேரத்தில் அவனுடைய லைட்டு கூரையைப் பார்த்துப் பளிச்சென்று அடித்தது.

அவள் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. பயமா, சந்தோஷமா என்று பிரிக்க அவளுக்கு நேரம் இல்லை. இன்னொரு முறை. இன்னொரு முறை. லைட்டு கண்டபடி வெட்டியது. அவன் எடுக்கும் நேரத்தில் பிளாஷ் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்தவன் முகம் சுருங்கியது.

“பாஸ், என்னா? டிஸ்கோவா?” என்று உறுமிக்காரன் ஒருவன் கேட்டான். யுகேந்திரன் அவனை முறைத்துவிட்டு லைட்டை அணைத்துப் போட்டான், மறுபடி அணைத்துப் போட்டான். மாப்பிள்ளை உள்ளே போய்விட்டார்.

சூசன் சக்கரத்தை ஒன்பதுக்குத் திருப்பிய மறுகணம் அவன் நேராக அவளிடம் வந்தான்.

“ஆன்டி, புது டிரிகரு போல. எங்கிட்ட உள்ள அதே சாமான். என்னா சேனலு?”

அவள் கேமராவைத் திருப்பி டிரிகரின் திரையைக் காட்டினாள். ஒன்பது.

அவன் குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் அவள் முகத்தையும் பார்த்தான்.

“காலையிலேருந்து ஒம்பதுதானா?”

“காலையிலேருந்து ஒம்பதுதான்.”

“சரி. உங்களுக்கு என்னைப் புடிக்காது, எனக்கு உங்களப் புடிக்காது. ஆனா கோயிலு சர்ச்சுனு போற ஆளு, இதுல போயி பொய் சொல்ல மாட்டீங்க.” தாடியைத் தடவினான். “என் லைட்டுதான் மண்டையப் போட்டிருச்சு போல.”

நம்பரை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவள் சொன்னதை நம்பிவிட்டான். திட்டியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. அந்த நம்பிக்கை சூசனின் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. ஆனால் முள் நிற்பதற்காக யாரும் பந்தியிலிருந்து எழுந்து போவதில்லை. அவளும் எழவில்லை.

பத்து மணி சுமாருக்கு மணவறையைச் சுற்றிக் கூட்டம் நெருங்கியது. முகூர்த்தம் பத்தேகால். ஐயர் தேங்காயில் சுற்றிய தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்கு அனுப்பினார். மஞ்சள் அரிசி கை கையாகப் போனது. மேடைக்குக் கீழே வலப்பக்கம், சூசனின் லைட்டுக்கு அடியில், வாணி என்கிற இளம்பெண் கைக்குழந்தையை மடியில் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பெண்ணுக்கு அக்கா முறை. “அக்கா, புள்ள கண்ணுல லைட்டு அடிக்காதுல்ல?” என்று ஒரு தடவை கேட்டாள். “அடிக்காதும்மா,” என்றாள் சூசன். அவளுடைய கவனம் எல்லாம் டிரிகரில் இருந்தது.

தட்டு திரும்பி வந்தது. சூசன் சக்கரத்தை ஒன்றுக்குத் திருப்பினாள். கட்டைவிரல் பொத்தானின் மேல் உட்கார்ந்தது. முப்பது அழுத்தல். பிறகு ஒன்பதுக்குப் போக மூன்று விநாடி. எல்லாக் கணக்கும் சரியாக இருந்தது. எதிரே யுகேந்திரன் ஒரு முழங்கால் மடக்கிக் கேமராவைத் தூக்கியிருந்தான்.

அப்போது முன்னால் போக முண்டிய யாரோ ஒருவரின் கைப்பை வார் அவளுடைய ஸ்டாண்டில் மாட்டி இழுத்தது.

மணல் மூட்டை இல்லாத ஸ்டாண்டு. ஒரு கால் எழும்பியது. மேலே வெளிச்சத்தைப் பரப்பும் துணிக் குடையும் பிளாஷுமாக மூன்று கிலோ எடை வாணியின் தலைக்கு நேராகச் சாய்ந்தது. சூசன் அதைப் பார்த்தாள். நாலு அடி தூரம்தான். கால் நகரவில்லை.

யுகேந்திரன் நகர்ந்தான். எப்படி வந்தான் என்று தெரியவில்லை. மேடையிலிருந்து குதித்து, தாம்பூலத் தட்டு ஒன்றைத் தட்டிவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்து நின்றான். குடைத் துணி அவன் முகத்தை மூடியது. கேமரா கழுத்தில் ஊசலாடியது. காலுக்கடியில் வாணி குழந்தையின் மேல் கவிழ்ந்திருந்தாள். காலை நகர்த்தினால் அவளை மிதிப்பான். கையை விட்டால் லைட்டு விழும்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று ஐயர் கை உயர்த்தினார்.

நாதஸ்வரமும் தவிலும் ஒரேயடியாக எழுந்தன. மாப்பிள்ளை குனிந்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் சூசனின் கையை எடுத்துக் கண்ணுக்குக் கொண்டுபோனது. அவள் யோசிக்கவில்லை. அழுத்தினாள். வெளிச்சம் வந்தது. அழுத்தினாள். வந்தது. முதல் முடிச்சு, இரண்டாம் முடிச்சு, பெண்ணின் கண்ணில் திரண்ட நீர், நாத்தனார் போட்ட மூன்றாவது. மஞ்சள் அரிசி ஒவ்வொரு மணியாக அந்தரத்தில் நின்று மின்னியது. இப்படி ஒரு வெளிச்சம் அவளுக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை.

கேமராவை இறக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்திருந்தது. உயரத்திலிருந்து, சாய்வாக.

அவளுடைய லைட்டுகள் இரண்டும் வலப்பக்கம். அவை ஒரு தடவைகூட எரியவில்லை. டிரிகர் ஒன்றிலேயே நின்றிருந்தது. அவள் கூப்பிட்ட பதினெட்டுத் தடவையும் ஓடி வந்தது யுகேந்திரனின் லைட்டு. அவனோ, துணிக்குள் முகம் புதைத்து, எரியாத அவளுடைய விளக்கைத் தாங்கிக்கொண்டு நின்றான். சுற்றிலும் அத்தனை கைப்பேசிகள் மின்னிக்கொண்டிருந்ததால் எது எரிந்தது எது எரியவில்லை என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

“யாராச்சும் இதப் புடிங்கடா!” என்று அவன் துணிக்குள்ளிருந்து கத்தினான். இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். அவன் கேமராவை எடுத்துத் திரும்பியபோது மணமக்கள் மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

“போச்சு,” என்றான். “என் தாலி போச்சு!”

“அடப் பாவி, கல்யாண வீட்டுல என்ன பேச்சு பேசுற!” என்று பக்கத்திலிருந்த ஓர் அம்மாள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

அவன் சூசனைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. “மணல் மூட்டனு சொன்னனா இல்லியா? சொன்னனா இல்லியா ஆன்டி? இருபது வருஷமா என்னாத்தப் புடுங்குனீங்க?”

அவள் அந்த இரண்டு பேரிடமிருந்து ஸ்டாண்டை வாங்கிச் சுவரோரம் சாய்த்தாள்.

இராமலிங்கம் வந்தார். துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரம் பேருக்கு நடுவிலும் குரல் எடுபடும். “தம்பி, தாலி கட்டுனத காட்டு. ஊர்ல என் தம்பிக்கு இப்பவே அனுப்பணும்.”

“அங்கிள்... அது கெடைக்கல. லைட்டு ஒன்னு விழுந்துச்சு. கீழ கைப்புள்ள. அதான் போயி புடிச்சேன்.”

“என்னா?”

“ஸ்டாண்ட புடிச்சிக்கிட்டு இருந்தேன் அங்கிள்.”

“ஸ்டாண்டு புடிக்கவா உன்னக் கூப்பிட்டேன்? என் மவனுக்கு ஒரு கல்யாணம்தான்டா பண்ணுவேன்!”

“ஐயர்கிட்ட கேட்டு இன்னொரு தடவ சும்மா கழுத்துக்கிட்ட வச்சு...”

“வாயக் கழுவு! கட்டுன தாலிய இன்னொரு தடவ கட்டச் சொல்றான் பாரு! இவன யாரு புடிச்சிட்டு வந்தது? மாதவி! ஏய் மாதவி!”

அபசகுனம் என்று நாலு பக்கமும் முணுமுணுப்பு எழுந்தது. காலையில் அவன் கேமராவுக்கு முகம் காட்டிச் சிரித்த அதே ஜனம் இப்போது அவனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. வாணியைத் தேடினாள் சூசன். அவள் எப்போதோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டிருந்தாள். அவனுக்காகப் பேச அங்கே ஒரு வாய் இல்லை. சூசனுக்கு வாய் இருந்தது. அதை அவள் திறக்கவில்லை.

மாதவி சூசனைத் தூண் மறைவுக்கு இழுத்துப்போய், “காட்டுங்கக்கா,” என்றாள். பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். “அக்கா! என்னாக்கா இது! சினிமா மாதிரி இருக்கு!” கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் சொல்றேன் கேளுங்க. அந்தப் பையன நான் இனிமே கூப்பிட மாட்டேன். அவன் வாய்க்கு அவனுக்கு இது வேணும். அடுத்த வருஷம் ரெண்டு வீட்டுக்கும் நீங்களே பண்ணுங்க.”

“அவன் ஓடி வரலன்னா அந்தக் கொழந்த...”

“அது வேற, இது வேற. நான் கல்யாணம் நடத்துறேன்க்கா, ஆம்புலன்ஸ் இல்ல. சாப்பிட வாங்க.”

இத்தனை நாளாக மனத்துக்குள் அவள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வெற்றி இதைவிடச் சின்னதுதான். கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது.

கீழ்த்தளத்தில் பந்தி. வாழையிலை போட்டுச் சாம்பார் ஊற்றினார்கள். எதிர்வரிசையில் இராமலிங்கம் யாரிடமோ இன்னும் கத்திக்கொண்டிருந்தார். யுகேந்திரன் சாப்பிட வரவில்லை. வெளியே வாகன நிறுத்துமிடத்தில், மழைத் தூறலில், தன் லோரி மாதிரியான பழைய வேனுக்குப் பக்கத்தில் போனில் யாரிடமோ, “இல்லமா, கோவமா இல்ல, சும்மா தலவலி,” என்று சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாக அவளுக்குக் கேட்டது. இந்த ஆளிடம் இப்படி ஒரு குரல் இருக்கிறதா என்று இருந்தது. ஒரு வாய்ச் சோற்றைப் பிசைந்து வைத்தவள், அதை அப்படியே இலையில் விட்டுவிட்டு எழுந்து கை கழுவினாள்.

மாடி மண்டபத்தில் ஆள் இல்லை. மின்விசிறிகள் சுற்ற, மஞ்சள் அரிசி தரையில் அங்குமிங்கும் ஊர்ந்தது. மேடைக்குப் பின்னால் சாமான் வைக்கும் அறையில் அவள் பையும் அவன் பையும் சுவரோரம் கிடந்தன.

சூசன் தரையில் உட்கார்ந்தாள். காலியான ஒரு மெமரி கார்டை எடுத்துக் கேமராவின் இரண்டாவது வாயில் போட்டாள். முதல் முடிச்சிலிருந்து மஞ்சள் அரிசி வரை, பதினெட்டையும் தேர்ந்தெடுத்து நகல் எடுக்கச் சொன்னாள். திரையில் கோடு மெதுவாக நகர்ந்தது. அதோடு நிறுத்திக்கொள்ளலாம். படத்தைக் கொடுத்தால் போதாதா என்று ஒரு மனம் கேட்டது. படத்தை மட்டும் கொடுத்தால், அவள் தயவு காட்டியதாக அல்லவா ஆகும்? நடந்தது அது இல்லையே.

முந்தின நாள் சர்ச்சில் கொடுத்த திருப்பலித் தாளைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கிழித்து, பின்பக்க வெள்ளையில் எழுதினாள்.

‘இதில் பதினெட்டுப் படம் இருக்கிறது. எல்லாம் உங்கள் லைட்டில் எடுத்தது. காலையில் வாசலில் உங்கள் லைட்டை அடித்ததும் நான்தான். பொய் சொன்னேன். இந்தத் தாளை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். படத்தை உங்கள் பேரிலேயே கொடுங்கள். சேனலை மாற்றிக்கொள்ளுங்கள். சூசன்.’

எழுதியதை ஒரு தரம் படித்தாள். மாதவி பார்த்தால் போதும். வருகிற வருஷம் மட்டுமில்லை, பிரிக்பீல்ட்ஸ் மாடியே போய்விடும். நூற்றைம்பது பேர் குழுவில் இது வந்தால் பழைய வீடியோவை யாரும் நினைக்கக்கூட மாட்டார்கள். கிழித்துப் போட அவளுக்கு நேரம் நிறைய இருந்தது. கீழே இப்போதுதான் பாயசம் ஊற்ற ஆரம்பித்திருந்தார்கள்.

கிழிக்கவில்லை. தாளை நான்காக மடித்து அதற்குள் கார்டை வைத்தாள். அவன் பையின் பக்க அறையில் பிளாஷ் பேட்டரிகள் இருந்தன. கிளம்புமுன் அதைத் திறக்காமல் போக மாட்டான். அவற்றுக்கு நடுவே செருகி, ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது. பல்லில் மாட்டிய நூலை நகத்தால் எடுத்துவிட்டு மறுபடி இழுத்தாள்.

பிறகு தன் ஸ்டாண்டுகளை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பின்பக்கப் படியால் இறங்கினாள்.